அரங்கமா? ஆடுகளமா?

யானை வாங்குவது பெரிதன்று, அதைக் கட்டித் தீனி போடுவதே பெரிது என்பது நம் முன்னோர் அனுபவத்தில் கண்ட உண்மை. வாங்கும் நாளில் மேளம் முழங்கும். ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். மறுநாள் காலையில் தென்னை மட்டைக்கும் கரும்புக்கும் யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி எழும்போது, கூடியிருந்த கூட்டத்தில் ஒருவரையும் காண முடியாது. தனி மனிதன் இவ்வாறு செய்தால் அவன் குடும்பம் ஒன்றே அல்லலுறும். ஒரு நகரமோ நாடோ இவ்வாறு செய்தால், அந்த யானையைக் கண்ணாலும் காணாத ஏழையின் தலையிலும் அச்சுமை ஏறும்.

பொதுப்பணத்தில் எழுப்பப்படும் மாபெரும் விளையாட்டரங்கங்களைக் குறித்தே இதைக் கூறுகிறோம். அரசு கோடி கோடியாகச் செலவிட்டுக் கட்டும் இவ்வரங்கங்கள் அச்செலவுக்கு ஈடான பயனை மக்களுக்குத் தருகின்றனவா? இந்த வினாவை இத்திங்கள் நம் வாசகக் குடும்பங்களின் முன் வைக்க விழைகிறோம்.

இது பட்டணத்தாருக்குரிய வினா, கீரப்பாளையத்தில் நாற்று நடுகிறவனுக்கு இதில் என்ன என்று எவரும் எண்ண வேண்டா. அரசுப் பணம் ஆகாயத்திலிருந்து விழுந்த பணமன்று. சவர்க்காரமும் செருப்பும் வாங்கும் கூலித் தொழிலாளியும் அவற்றின் விலைக்குள்ளேயே வரியைச் செலுத்திவிடுகிறான். ஆகவே தலைநகரில் எழும் அரங்கத்தின் ஒரு செங்கல்லேனும் அவனுடையது. அந்தச் செங்கல்லால் அவன் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு; கேட்பது கடமையுமாகும்.

முதலில் நம் வட்டாரத்தையே நோக்குவோம். வீராணமும் வெள்ளாறும் நீரூட்டும் இச்சிற்றூர்களில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? ஆடி, ஆவணியில் சம்பாவுக்கு வேலை தொடங்கினால் தை, மாசி வரை வயல் நெல்லுக்குச் சொந்தம். நெல் அறுபடும் முன்பே, தரையின் ஈரம் காயுமுன், உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறோம். எனவே பங்குனி வரை வயல் பயறுக்குச் சொந்தம். அதன்பின் கோடை உழவு வரும் வரையுள்ள சில வாரங்கள் மட்டுமே வயல் பிள்ளைகளுக்குச் சொந்தம். பாளம் பாளமாய் வெடித்த அத்தரையில் அவர்கள் கிரிக்கெட்டும் கபடியும் ஆடுகிறார்கள். அதுவும் ஆண்பிள்ளைகளுக்குத்தான். பெண்பிள்ளைகளுக்கு அந்தச் சில வாரங்களும் இல்லை. பள்ளி மணி அடித்தவுடன் அவர்களுடைய ஓட்டமும் ஆட்டமும் முடிந்துவிடுகின்றன.

கடலூரில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. நெய்வேலியில் பாரதி விளையாட்டரங்கம் இருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகத்தின் விரிந்த திடல்கள் உள்ளன. இவை நம் மாவட்டத்திற்குப் பயனற்றவை என்று நாம் கூறவில்லை. ஆயினும், பேருந்து மாறிக் கடலூர் சென்று, பயிற்சி முடித்து, விளக்கு வைக்கும் நேரத்திற்குள் வீடு திரும்ப ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியால் இயலுமா? இந்தக் கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு இனிப் பெருநகரங்களின் கதைக்குச் செல்வோம்.

அரங்கம் கட்ட விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கூறும் காரணங்கள் மூன்று. அரங்கம் வந்தால் வேலை பெருகும்; வெளியூரார் வந்து பணம் செலவிடுவர், வாணிகம் செழிக்கும்; நகரின் புகழ் ஓங்கும். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கின்றன. இவற்றை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் கண்ட முடிவு வேறு. அமெரிக்க நாட்டில் தொழில்முறை ஆட்டக் குழுக்களுக்காக நகராட்சிகளும் மாநிலங்களும் பெருந்தொகை செலவிட்டு அரங்கங்கள் கட்டித் தருவது நெடுநாள் வழக்கம். ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் என்னும் இரு பேராசிரியர்கள் இத்தகைய அரங்கங்களின் வரவு செலவை அலசிய ஆய்வுகளைத் தொகுத்து 1997-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டனர். செலவிட்ட பொதுப்பணத்துக்கு நியாயமான ஆதாயம் தந்த அரங்கம் எதையும் அவர்களால் காட்ட முடியவில்லை. பின்னர் வந்த ஆய்வாளர்களுள் மிகப் பலரும் இதே முடிவுக்கே வந்துள்ளனர்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள நமக்குப் பொருளியல் பட்டம் வேண்டியதில்லை. திருவிழாக் கடைகளைக் கண்டிருந்தாலே போதும். தேர்பவனி நாளில் ஆலயத்தைச் சுற்றிப் பொரிக்கடையும் வளையற்கடையும் நிறைகின்றன. வியாபாரம் பெருகிவிட்டதாகத் தோன்றுகிறது. ஆனால் அன்று ஒரு குடும்பம் திருவிழாவில் செலவிட்ட 200 ரூபாய், அந்தத் திங்களில் கடைத்தெருவில் செலவிட வேண்டிய 200 ரூபாயே. குடும்பத்தின் வருவாய் கூடவில்லை. பணம் ஒரு கடையிலிருந்து மற்றொரு கடைக்கு இடம் மாறிற்று, அவ்வளவே. அரங்கத்தின் கதையும் இதுதான். உள்ளூரான் ஆட்டச் சீட்டுக்குக் கொடுக்கும் பணம், அவன் உணவகத்துக்கோ துணிக்கடைக்கோ கொடுத்திருக்கக்கூடிய பணம்.

வேலைவாய்ப்பும் அப்படியே. கட்டும் காலத்தில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை உண்டு. ஆனால் அதே தொகைக்குப் பள்ளியோ மருத்துவமனையோ கட்டினாலும் அந்த வேலை உண்டு. கட்டி முடித்தபின் ஆண்டில் சில நாட்கள் நுழைவாயிலில் சீட்டுக் கிழிப்பவருக்கும் தின்பண்டம் விற்பவருக்கும் கூலி கிடைக்கும். எஞ்சிய நாட்களில் காவலாளி ஒருவரும் பூட்டு ஒன்றுமே மிஞ்சும்.

கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரம் 1976-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை நடத்திற்று. நட்டம் வர வழியே இல்லை என்று அந்நகர மேயர் உறுதி கூறியிருந்தார். போட்டிகள் இரு வாரங்களில் முடிந்தன. கடனோ 2006-ஆம் ஆண்டில்தான் தீர்ந்தது. அன்று அரங்கில் அமர்ந்து கைதட்டிய இளைஞன் தலை நரைக்கும் வரை, புகையிலை மீது விதித்த தனி வரியின் வாயிலாக மக்கள் அக்கடனை அடைத்து வந்தனர்.

கடல் கடந்து வெகுதொலைவு செல்லவும் வேண்டா. நம் அண்டை நாடாகிய இலங்கையின் தென்கோடியில், அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவையில், 35,000 பேர் அமரக்கூடிய கிரிக்கெட் அரங்கம் ஒன்று 2011-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டிக்கெனக் கட்டப்பட்டது. பெருநகரம் எதுவும் அருகில் இல்லாத இடம் அது. அந்த உலகக் கோப்பையில் அங்கு நடைபெற்ற ஆட்டங்கள் இரண்டே. அதே வேளையில் வேறு அரங்குகளையும் கட்டிப் புதுப்பித்த இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் பெருங்கடனில் ஆழ்ந்தது. இறுதிப் போட்டி வரை சென்று நாட்டுக்குப் புகழ் தேடித் தந்த ஆட்டக்காரர்களுக்கே பல திங்கள் ஊதியம் நிலுவையில் நின்றது. அரங்கம் நின்றது, ஆடுகிறவனுக்குக் கூலி இல்லை. இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

இனி நம் நாட்டுத் தலைநகருக்கு வருவோம். 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தில்லியில் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் கட்டப்பட்டது. 2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டிகளுக்காக அதே அரங்கம் 961 கோடி ரூபாய்ச் செலவில் மாற்றிக் கட்டப்பட்டது. 2003-இல் அப்போட்டிகளைக் கேட்டு விண்ணப்பித்தபோது மொத்தச் செலவு ஏறத்தாழ 1,200 கோடி ரூபாய் என மதிப்பிட்டனர். முடிவில் அது 18,532 கோடி ரூபாயாக உயர்ந்ததென 2011-இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் தம் அறிக்கையில் காட்டினார். அரங்கங்கள் மட்டுமன்றிச் சாலை, பாலம் முதலிய பணிகளும் சேர்ந்த தொகை இது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

தொகையின் பருமனைவிட நம் நெஞ்சைச் சுடுவது வேறொன்று. தில்லியில் பட்டியல் சாதி மக்களின் முன்னேற்றத்துக்கென ஒதுக்கப்பட்ட சிறப்புக்கூறு நிதியிலிருந்து 600 கோடி ரூபாய்க்கு மேல் அப்போட்டிகளுக்கான பணிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. அப்போதைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் 2010 ஆகஸ்டுத் திங்களில் மாநிலங்களவையில் இதை ஒப்புக்கொண்டார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்போக்கன் தானம் செய்த கதை இது. அரங்கச் செலவு என்னும்போது, அது எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. யாருடைய கலத்திலிருந்து எடுக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். சேரிக் குழந்தையின் கல்விக்கும் அதன் தாயின் வீட்டுக்கும் உரிய பணம், சில நாள் வாணவேடிக்கைக்குச் சென்றதென்றால் அதை எந்தப் பதக்கத்தால் ஈடு செய்வது? 2030-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் போட்டிகளை நடத்த அகமதாபாத் நகரம் தெரிவு செய்யப்பட்டுள்ள இந்நாளில், பழைய கணக்கேட்டை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நாட்டுக்கு நலம்.

இவ்வளவும் கூறியதனால், அரங்கங்களே வேண்டா என்பது நம் கருத்தென எவரும் கொள்ளற்க. மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதையும் நிறுத்துப் பார்ப்போம்.

சென்னையில் பழைய மாநகராட்சி அரங்கம் இருந்த இடத்தில் 1993-ஆம் ஆண்டு ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடைபெற்றன. 30 ஆண்டுகள் கடந்த பின்னும் அங்கே கால்பந்து ஆட்டங்களும் தடகளப் போட்டிகளும் நிகழ்கின்றன. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகளின் தொடக்க விழாவும் அங்கேயே நடந்தது. இலட்சக்கணக்கான மக்கள் வாழும் மாநகரில், ஓராண்டுக்கு ஒரு நாளுக்கென்று இல்லாமல் பல விளையாட்டுகளுக்கும் பயன்படும் அரங்கம் ஒன்று இருப்பது வீண் ஆடம்பரம் ஆகாது. மண் தரையிலேயே ஓடிப் பழகியவனைச் செயற்கை ஓடுதளத்தில் நிறுத்தி வெற்றி பெறச் சொல்வதும் முறையன்று. திறமை ஓரளவு கனிந்தபின் அதற்கேற்ற களம் வேண்டும். ஊரார் ஒன்றுகூடி ஆர்ப்பரித்து மகிழ்வதும் மனித வாழ்வுக்கு ஒரு தேவையே. எல்லாவற்றையும் ரூபாய் பைசாவில் எடை போட இயலாது.

எனவே அரங்கம் நல்லதா, தீயதா என்பதன்று கேள்வி. எது முதல், எது பின் என்பதே கேள்வி. நாற்றங்கால் இல்லாமல் நடவு இல்லை. விளையாட்டுக்கு நாற்றங்கால், தெருமுனையிலும் பள்ளி முற்றத்திலும் உள்ள ஆடுகளமே. அதை உண்டாக்காமல் அரங்கத்தை மட்டும் எழுப்புகிறவன், நாற்று விடாமல் களஞ்சியம் கட்டியவனுக்கு ஒப்பாவான்.

இதற்கு நம் தமிழகமே சான்று. தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர் பெற்ற கோவில்பட்டியில் பல பத்தாண்டுகளாக மக்கள் மண் தரையில் ஹாக்கி ஆடி வந்தனர். ஊர்க் குழுக்கள் வளர்ந்தன, போட்டிகள் பெருகின. செயற்கைப் புல்தரை கொண்ட அரங்கத்தை அரசு அமைத்துத் தந்தது அதற்குப் பின்னரே. ஆடுகிறவர்கள் ஏற்கெனவே இருந்தமையால் அது வெறுமையாய்க் கிடக்கவில்லை. 2022-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைப் போட்டிக்கான இந்திய அணியில் இடம்பெற்ற மாரீஸ்வரன், கார்த்தி ஆகிய இருவரும் கோவில்பட்டியில் பயின்றவர்களே. அங்கே ஆட்டம் முந்தியது, அரங்கம் பிந்தியது. அந்த வரிசையே சரியான வரிசை.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, இளவயதில் பேருந்து விபத்தில் ஒரு கால் ஊனமுற்றவர். அவருக்குள் இருந்த ஆற்றலைக் கண்டு, உயரம் தாண்டத் தூண்டியவர் அவருடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016-ஆம் ஆண்டு ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். சென்னையின் ஆற்றோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல குடியமர்த்தப்பட்ட இடம் கண்ணகி நகர். அங்கே பயிற்சி பெற்று வளர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைன் நாட்டில் நடைபெற்ற ஆசிய இளையோர் போட்டிகளில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத்தலைவியாக விளங்கினார். இவர்களை உருவாக்கியது பளிங்குப் படிக்கட்டுகள் அல்ல. அருகில் ஒரு திடல், அக்கறையுள்ள ஓர் ஆசிரியர், போகவிட்ட பெற்றோர் ஆகிய மூன்றுமே.

தமிழக அரசு இந்த உண்மையை அறியாமல் இல்லை. 2023-ஆம் ஆண்டு, சட்டமன்றத் தொகுதிதோறும் ஒரு சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் திட்டத்தை அது அறிவித்தது; ஒவ்வொன்றுக்கும் 3 கோடி ரூபாய் என்று முதற்கட்டமாக 10 தொகுதிகள் தெரிவு செய்யப்பட்டன. 2024 பிப்ரவரியில், 12,525 ஊராட்சிகளுக்கும் பந்து, மட்டை முதலிய 33 வகை விளையாட்டுப் பொருட்களை ஏறத்தாழ 86 கோடி ரூபாய்ச் செலவில் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கணக்கிட்டால் ஓர் ஊராட்சிக்கு 68,000 ரூபாய்க்குச் சற்று மேற்படும். வரவேற்கத்தக்க எண்ணம். ஆயினும் பந்து வந்தபின் பிள்ளைகள் கேட்கும் முதற்கேள்வி, திடல் எங்கே என்பதன்றோ?

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தில்லியின் ஓர் அரங்கத்தைப் புதுப்பித்த 961 கோடி ரூபாயைத் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் பகிர்ந்தால், ஒவ்வோர் ஊராட்சிக்கும் 7 இலட்சத்து 67 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். கரடுமுரடான புறம்போக்கு நிலத்தை மண்ணடித்துச் சமன்செய்து, வேலியிட்டு, கம்பம் நட்டு, இரண்டு வேப்பங்கன்றும் வைக்க அத்தொகை பெரிதும் உதவும். நிலமும் மிகுதியாக வேண்டியதில்லை. கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கைப்பந்துக் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். கோ-கோ களம் 27 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். மூன்றும் சேர்ந்து 724 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஒரே ஏக்கரில் இம்மூன்றையும் அமைத்தபின்னும், சிறு குழந்தைகள் ஓடவும் முதியோர் நடக்கவும் இடம் மிஞ்சும்.

ஆசிரியரைப் பற்றியும் இதே கணக்கு. திங்களுக்கு 25,000 ரூபாய் ஊதியத்தில் ஒரு பயிற்சியாளரை அமர்த்துவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சிறு அரங்கத்துக்கான 3 கோடி ரூபாயில் 10 பயிற்சியாளர்களைப் 10 ஆண்டுகள் பணியில் வைத்திருக்கலாம். ஆனால் பயிற்சியாளருக்குக் கல்வெட்டுப் பதிக்க முடியாது. நாடா வெட்டித் திறந்து வைக்கவும் முடியாது. கட்டடம் உடனே கண்ணுக்குத் தெரியும். வளரும் பிள்ளை பத்தாண்டு கழித்தே தெரியும். ஆட்சிக் கட்டிலில் இருப்போர் யாராயினும் கட்டடத்தை நாடும் காரணத்தை இதில் காணலாம். அவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. திறப்பு விழாவுக்குத் திரளும் நாம், அதன் பின் ஒரு நாளேனும் சென்று கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கிறோமா?

கட்டியபின் கதவு யாருக்குத் திறக்கிறது என்பது பெரிய கேள்வி. 2024 அக்டோபரில் பெருநகரச் சென்னை மாநகராட்சி, செயற்கைப் புல்தரை கொண்ட தன் 9 கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விடவும், ஆடுவோர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் பெறவும் தீர்மானித்தது. எதிர்ப்பு எழுந்தவுடன் அத்தீர்மானம் கைவிடப்பட்டது. நல்லதே நடந்தது. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பதும் மெய்தான். ஆனால் மீனவக் குப்பத்துச் சிறுவனிடம் மணிக்கு 120 ரூபாய் கேட்டால் அவன் திடலுக்கு வெளியே நின்றுவிடுவான். அவனுக்காகவே அமைத்த திடல் அவனை வேலிக்கு வெளியே நிறுத்துமாயின், அதை அமைத்த நோக்கமே பிறழ்ந்துவிடும்.

மதுரை மாவட்டத்துக் கதை மற்றொன்று. அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் 60 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் ஏறுதழுவுதலுக்கெனப் பேரரங்கம் ஒன்று 2024 ஜனவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்டது. ஆயினும் பொங்கலை ஒட்டி அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் நடக்கும் சல்லிக்கட்டு, வழிவழியாக வந்த வாடிவாசல்களிலேயே தொடர்ந்தது. ஊரார் தங்கள் விளையாட்டைத் தங்கள் மண்ணிலிருந்து பெயர்த்தெடுக்க ஒப்பவில்லை. கட்டடத்தை ஆணையால் எழுப்பலாம். விளையாட்டு ஊரின் மண்ணிலும் மனத்திலும் வேரூன்றி வளர்வது. இதை உணர்ந்து திட்டமிடுகிறவர்களே பொதுப்பணத்தைக் காப்பவர்கள்.

ஆகவே, நம் ஊரிலோ நகரிலோ அரங்கம் எழுப்பும் பேச்சு வரும்போது, குடும்பத் தலைவர்களும் தலைவியரும் நான்கு கேள்விகளைத் தவறாமல் கேட்பார்களாக.

ஒன்று: திறப்பு விழா முடிந்த மறு திங்கள், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில், அங்கே ஆடப்போகிறவர் யார்?

இரண்டு: புல்லுக்குத் தண்ணீர், கழிப்பறைக்குத் துப்புரவு, விளக்குக்கு மின்கட்டணம், பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும்?

மூன்று: கட்டும் பணம் வேறு எந்தத் தேவையிலிருந்து எடுக்கப்படுகிறது? எவருடைய குடிசையேனும் அதற்காக அகற்றப்படுகிறதா?

நான்கு: ஓர் ஏழைச் சிறுமி கட்டணமின்றி உள்ளே நுழைந்து, அச்சமின்றி ஆடி, பொழுது சாயுமுன் வீடு திரும்ப முடியுமா?

இந்நான்குக்கும் தக்க விடை கிடைக்குமாயின், அரங்கம் எழும்புக. நாமும் மகிழ்ந்து வரவேற்போம். கிடைக்காதாயின், அப்பணத்தில் முதலில் ஆடுகளங்கள் எழும்புக.

கோரிக்கை எழுப்ப இடமும் இருக்கிறது. குடியரசு நாளான ஜனவரி 26, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் தமிழகத்தில் கிராமசபைக் கூட்டம் நடத்துவது முறையாக உள்ளது. குடிநீரும் சாலையும் சுடுகாட்டுப் பாதையும் அங்கே பேசப்படுகின்றன, பேசப்பட வேண்டியவைதாம். பிள்ளைகளுக்கு ஓர் ஏக்கர் என்னும் கோரிக்கையை யாரேனும் எழுப்புகிறார்களா? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ஆம் ஆண்டிலேயே பள்ளிதோறும் விளையாட்டுத் திடல் வேண்டும் என விதித்துவிட்டது. சட்டம் தந்ததைக் கேட்டுப் பெறுவதற்கு நாணம் எதற்கு? தாய்மார்கள் கூட்டமாய்ச் சென்று, பெண்பிள்ளைகளும் ஆடத்தக்க திடல் வேண்டும் என்று பதிவேட்டில் எழுதச் செய்தால், அந்த எழுத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நம் பங்குகளின் பொறுப்பையும் இங்கே நினைவூட்ட வேண்டும். நம் மறைமாவட்டங்களில் மிகப் பல ஊர்களில் ஆலயத்தை ஒட்டியோ பள்ளியை ஒட்டியோ திடல் ஒன்று இருக்கிறது. அந்நாளைய குருக்களும் கன்னியரும் தொலைநோக்கோடு வாங்கி வைத்த நிலங்கள் அவை. மாலை நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் அவற்றின் வாயில் திறந்திருக்கட்டும். பங்குப் பேரவையைச் சேர்ந்தவர்களும் இளைஞர் இயக்கத்தினரும் முறை வைத்துக்கொண்டு நாளுக்கு இருவர் பொறுப்பேற்றால், கண்ணாடி உடையும், சண்டை வரும் என்ற அச்சத்துக்கு இடமிராது. கத்தோலிக்கப் பிள்ளை, இந்துப் பிள்ளை, இஸ்லாமியப் பிள்ளை என்ற பாகுபாடும், தெருவுக்குத் தெரு உள்ள பாகுபாடும் கபடிக் கோட்டுக்கு அப்பால் நிற்கட்டும். ஒருவன் கையை ஒருவன் பற்றி நிற்கும் அந்த ஆட்டத்தில், கையின் சாதி எது என்று கேட்டால் ஆட்டம் நடவாது. இதற்கு அரசின் ஒதுக்கீடு வேண்டா, ஒப்பந்தக்காரர் வேண்டா. ஒரு திறவுகோலும், அதைத் திருப்ப மனமும் போதும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மதிப்பெண்ணை மட்டும் கண்ணாகக் கொண்டு, ஆடச் சென்ற பிள்ளையைக் காதைப் பிடித்து இழுத்து வரும் வீடுகள் இன்றும் பல. கைப்பேசியில் பிறர் ஆடும் ஆட்டத்தை மணிக்கணக்கில் பார்க்க விடுகிறோம். தெருவில் அரை மணி நேரம் தான் ஆட விடுவதில்லை. பார்ப்பவர் பெருகப் பெருக அரங்கங்கள் பெருகும். ஆடுபவர் பெருகினால்தான் உடல்நலமும் ஒழுங்கும் தோல்வியைத் தாங்கும் உள்ளமும் பெருகும். பொதுப்பணம் இவ்விரண்டில் எதற்கு முதலில் செல்ல வேண்டும் என்பதை நம் வீட்டு வழக்கமும் ஓரளவு தீர்மானிக்கிறது.

வரும் சித்திரையில் உளுந்து அறுத்த வயல்களில் பிள்ளைகள் மீண்டும் குச்சி நட்டு ஆடத் தொடங்குவர். உழவு வந்ததும் அவர்கள் அதைவிட்டு வெளியேற வேண்டியிருக்கும். அவர்கள் ஆண்டு முழுவதும் ஆடத்தக்க ஓர் ஏக்கர் நம் ஊரில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, அடுத்த கிராமசபைக்கு முன்பாகவே, ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும் தாய்மார்களும் ஒன்றாக நடந்து சென்று பார்த்து வைப்பார்களாக.